வேகத்தடைக்காகக் காரைத் தூக்கிய கதை

ஆசிரியருக்கு,

அல்சூரில் எங்கள் தெருமுனையில் ஒரே இரவில் முளைத்த வேகத்தடை, என் 2010-ஆம் ஆண்டு ஆடி ஏ4 குவாட்ரோவின் வயிற்றை மூன்று முறை உரசிவிட்டது. நான்கு சக்கரங்களும் இழுக்கிற கார்தான். தரையோடு தவழ்கிற காருக்கு அதனால் என்ன லாபம்?

ஜே.சி. ரோட்டில் ஒரு மெக்கானிக், ஸ்பிரிங்குகளுக்கு மேல் தடித்த ரப்பர் வளையம் வைத்து 40 மில்லிமீட்டர் உயர்த்திக் கொடுத்தார். இரண்டு மாதம் ராஜயோகம். பிறகு ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பும்போதெல்லாம் 'டக், டக்' என்று சத்தம். குனிந்து பார்த்தால், முன்சக்கரத்தின் உட்புறமெங்கும் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தது. உடலோடு கியர்பெட்டி மேலே போய்விடுகிறது, சக்கரமோ தரையிலேயே நிற்கிறது. இரண்டையும் இணைக்கும் அச்சுத்தண்டு கூடுதலாகச் சரிய, அதன் முனையிலுள்ள மூட்டுக்கு மேல் கிரீஸைக் காக்கும் ரப்பர் உறை கிழிந்துவிட்டது. இந்தக் காரில் அப்படி எட்டு மூட்டுகள். ரப்பருக்கும் என் காரின் வயதுதான்! டயரும் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது.

தயாரிப்பாளரின் அளவை மீறி வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது என்று பேரன் பிறகு சொன்னான். வளையங்களைக் கழற்றிவிட்டேன்.

வேகத்தடைக்கும் அளவு உண்டே. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்வது 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். எங்கள் தெருவில் டேப் வைத்து அளந்தேன்: உயரம் 19, அகலம் ஒரு மீட்டர்கூட இல்லை. வெள்ளைக் கோடும் கிடையாது. அளவுகளை எழுதிக் கொடுத்து ஐந்து வாரம் ஆகிறது. இன்னும் யாரும் வந்து பார்க்கவில்லை.

- ஓய்வுபெற்ற வாசகர், அல்சூர், பெங்களூரு