மண் இல்லாத ஆர்க்கிட்

அன்பு மகள் கயலுக்கு,

நீ அனுப்பிய படத்தைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டோம். கோமதி அத்தை பார்த்துவிட்டு "இது புல்லா?" என்றாள். ஆர்க்கிட் என்று சொல்லும்போது உன் அம்மாவுக்கு ஒரே பெருமை. அங்கே குளிர் எப்படி? நேரத்துக்குச் சாப்பிடு. பருப்புப்பொடி தீர்ந்துவிட்டதா?

நான் தினமும் அந்தப் படத்தின் முன்னால் நிற்கிறேன். முதல் இலை நீளமாக வளைந்து போகிறது. இரண்டாவது இலை அதைக் குறுக்கே வெட்டுகிறது. நடுவில் விழும் இடைவெளியைப் பீனிக்ஸின் கண் என்பார்களாமே, மூன்றாவது இலை அந்தக் கண்ணைக் கடந்து போகிறது. ஒரே இழுப்பு, எங்கேயும் கை தயங்கவில்லை. என் மகள் போட்ட கோடு என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுகிறேன்.

ஆனால் மண் எங்கே அம்மா? அடியில் ஒரு கோடுகூட இல்லையே.

ஜெங் சிசியாவ் என்ற பழைய சீன ஓவியரைப் பற்றிப் படித்தேன். 1279-இல் சீனாவின் சோங் அரசு மங்கோலியரிடம் வீழ்ந்த பிறகு அவர் ஆர்க்கிட்டுக்கு மண்ணே வரையவில்லையாம். ஏன் என்று கேட்டவர்களிடம், மண்ணைத்தான் அந்நியர் பிடுங்கிக்கொண்டார்களே, தெரியாதா என்றாராம். அவர் 1306-இல் வரைந்த ஆர்க்கிட் இன்று ஒசாகா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு முழ அகலம்கூட இல்லாத படம், அதிலும் மண் இல்லை.

உனக்கு இது வெறும் பயிற்சியாக இருக்கலாம். ஆனால் போன வருடம் சாமந்திப் படம் அனுப்பினாயே, அப்போது எனக்கு ஒன்றும் புரியவில்லை. 405-இல் பதவியை உதறிவிட்டு ஊருக்குத் திரும்பிய சீனக் கவிஞர் தாவோ யுவான்மிங்குக்குப் பிடித்த பூ அது என்று பிறகுதான் படித்தேன். ஷாங்காய் வேலையை நீ விட்டது எங்களுக்கு இன்னொருவர் வாயால் தெரிந்தது. பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி, அது போகட்டும். வேலையை விட்டு ஹாங்சோவுக்குப் படிக்கப் போக எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

சாப்பாட்டை மட்டும் விடாதே. ராத்திரி கண் விழித்து வரையாதே.

சீன ஓவியர்கள் ஒரு தொகுதியாகச் சேர்த்துச் சொல்லும் பிளம், ஆர்க்கிட், மூங்கில், சாமந்தி, இந்த நான்கில் எனக்குப் பிடித்தது மூங்கில்தான். உள்ளே கர்வம் இல்லாத வெறுமை, வெளியே உறுதியான கணு. வூ ஜென் என்ற ஓவியர் 1350-இல், எழுபது வயதில், தன் மகன் ஃபோநூவுக்காக ஒரு மூங்கில் தொகுப்பே வரைந்திருக்கிறார். இப்போது தாய்பேய் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் ஊர் ஜியாசிங் உனக்குப் பக்கம்தான், ஒரு நாள் ரயிலேறிப் போய்வா. பிள்ளையிடம் சொல்ல வேண்டியதை அவரால் தூரிகையில் சொல்ல முடிந்தது. எனக்கு அது வராது, எழுதத்தான் தெரியும்.

மாடி அறையை யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. உன் மேஜை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அன்றைக்கு நடந்ததை இங்கே யாரும் பேசுவதில்லை, உன் பெரியப்பா உட்பட. உனக்கு இங்கே இடம் இல்லை என்று யாராவது சொல்லியிருந்தால் அதை நம்பாதே.

நேரத்துக்குச் சாப்பிடு. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் பண்ணு, படம் அனுப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடாதே. பங்குனிக்குள் வர முடியுமா என்று மட்டும் சொல், டிக்கெட் நான் போடுகிறேன்.

அப்பா