முன்பதிவுத் தளமும் அதை நம்பியிருப்பவர்களும்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆம்னி பேருந்து நிறுவனம் ஒன்றுக்கு இணைய முன்பதிவுத் தளம் அமைக்கப்போவதாகவும், முதலாளியிடம் பேசித் தேவைகளை எழுதி முடித்துவிட்டதாகவும் சொல்லியிருந்தாய். அவரோடு நிறுத்திவிடாதே என்று சொல்லவே உடனே எழுதுகிறேன்.

ரயில்வேயின் தட்கல் முன்பதிவையே எடுத்துக்கொள். ஏசி வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கிறது. நாள் முழுவதற்குமான சராசரியை வைத்து சர்வர்களைக் கணக்கிட்டால் அந்த முதல் சில நிமிடங்களிலேயே எல்லாம் முடங்கிவிடும். ஐஆர்சிடிசி தளத்தில் காத்திருப்பவரும், படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டு நிலையக் கவுன்ட்டரில் வரிசையின் முதல் ஆளாக நிற்பவரும் அதே பெர்த்துகளுக்காகத்தான் போட்டியிடுகிறார்கள். கவுன்ட்டர் ஊழியரையும் கணக்கில் கொண்டதால்தான், இணையத்துக்கென்று தனிப் பட்டியல் வைத்துப் பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம் என்ற எளிய வழி அங்கே அடைபட்டுப்போகிறது. பயணியின் கவலை வேறு: வங்கியில் பணம் போய், டிக்கெட் வராவிட்டால் என்ன செய்வது? வங்கியின் பதில் தாமதமாகும்போது பெர்த்தை எவ்வளவு நேரம் பிடித்துவைப்பது, பணத்தை எப்படித் தானாகத் திருப்புவது என்பவை அந்தக் கவலையிலிருந்து பிறக்கும் தேவைகள்.

2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கே இணையத் தட்கல் என்றும், முதல் அரை மணி நேரம் முகவர்களுக்கு இல்லை என்றும் விதி வந்தது. முகவருக்கு இது வருமான இழப்பு. தானே பதிவு செய்யும் பயணிக்கு நியாயம். இரண்டில் எது பெரிது என்பதை நிரலாளர் தீர்மானிக்கக் கூடாது, ரயில்வேதான் தீர்மானிக்க வேண்டும். ஆனால் தீர்மானித்த பிறகு, இன்னார் பதிவு செய்கிறார், இந்த நேரத்தில் செய்கிறார் என்று பார்த்து அனுமதிக்கும் பகுதி அமைப்பில் இருந்தாக வேண்டும்.

உன் வேலையிலும் இப்படித்தான். கிளை அலுவலகத்தில் போனிலேயே சீட் பிடித்துவைக்கும் ஊழியரிடம் கேள்; தன் கைவசம் சில சீட்டுகள் இருக்க வேண்டும் என்பார். முதலாளியோ காலி சீட்டெல்லாம் இணையத்தில் தெரிய வேண்டும் என்பார். தனியாக வரும் பெண்ணுக்குப் பக்கத்து சீட்டைப் பெண்ணுக்கே ஒதுக்குவது விற்பனையைச் சற்றுக் குறைக்கலாம். அதை விட்டுக்கொடுக்காதே என்பது என் கருத்து. இத்தகைய முரண்களுக்கு, தளத்தின் வடிவமைப்பை வரையும் முன்பே முதலாளியிடம் எழுத்தில் முடிவு வாங்கிவிடு.

கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை இரவு போய், கிளீனர் கையிலிருக்கும் பயணிகள் பட்டியலையும் பார். கடைசி நேரத்தில் ஏறியவர்களைப் பேனாவால் சேர்த்திருந்தால், சிக்னல் இல்லாத இடத்திலும் இயங்கும் செயலி அவருக்கு வேண்டும். அவர் சொல்வதை அடுத்த கடிதத்தில் எனக்கும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்