சுடெக் ஏலியனாவே இருக்கட்டும்: டாக்டர் ஹூ எழுதுறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

'டாக்டர் ஹூ'ங்கிற பிரிட்டிஷ் சயின்ஸ் ஃபிக்‌ஷன் டிவி தொடரை எழுதுற எல்லாருக்கும் வணக்கம்.

2024 ஜூன்ல உங்க பழைய வில்லன் சுடெக் திரும்பி வந்தப்போ அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. 1975ல அவனுக்குக் குரல் கொடுத்த அதே நடிகர் கேப்ரியல் வுல்ஃப், 49 வருஷம் கழிச்சும் அதே நிதானம், அதே மிரட்டல். அவரைத் தேடிக் கூப்பிட்டதுக்கு முதல்ல நன்றி.

ஆனா கதை இன்னும் உறுத்திட்டே இருக்கு, அதான் எழுதுறேன்.

1975ல வந்த 'பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்' கதையில சுடெக் சாமி கிடையாது, ஓசிரன்ங்கிற ஏலியன் இனத்துல ஒருத்தன், எகிப்துக்காரங்க சாமின்னு கும்பிட்டதே இந்த இனத்தைத்தான்னு கதை சொல்லுது. ஹோரஸ் தலைமையில 740 பேர் சேர்ந்துதான் அவனைப் பிடிச்சு பிரமிடுக்கு அடியில அசைய முடியாம உக்கார வச்சாங்க, அந்த 740ங்கிற நம்பருக்குக்கூட எகிப்து ராஜா மூணாம் துட்மோஸ் கல்லறையில இருக்கிற சாமிப் பட்டியலைத்தான் டயலாக்ல சொல்லுவாங்க. மம்மின்னு நடந்து வர்றதெல்லாம் துணி சுத்தின ரோபோ. அப்புறம் அந்த க்ளைமாக்ஸ், அதை எத்தனை தடவை பார்த்திருப்பேன்னு தெரியல: அவனை அசைய விடாம வச்சிருந்த, செவ்வாய்ல இருக்கிற பூட்டு உடைஞ்சிடுது, ஆனா அங்கிருந்து ரேடியோ அலை பூமிக்கு வந்து சேர ரெண்டு நிமிஷம் ஆகும், அந்த ரெண்டு நிமிஷத்துக்குள்ள ஹீரோ டாக்டர் ஓடி வந்து, தன்னோட காலப் பயணக் கப்பலான டார்டிஸ்ல இருந்து ஒரு பாகத்தைக் கழட்டி மாட்டி, சுடெக்கைக் காலச் சுரங்கத்துல சிக்க வச்சு, வயசாகியே சாக விடுறார். (நிஜத்துல செவ்வாய் ரொம்பக் கிட்ட வந்தாக்கூட 3 நிமிஷம் ஆகும், அது பரவால்ல.) சாமின்னு பேர் வாங்கினவனும் ஒளியோட வேகத்துக்குக் கட்டுப்பட்டவன்னு காட்டினீங்க பாருங்க, அதுதான் சயின்ஸ் ஃபிக்‌ஷன்.

2024ல அவனையே மரணத்தோட கடவுள் ஆக்கிட்டீங்க, தூசி கிளம்புது, பிரபஞ்சமே சாகுது, கடைசியில கயித்துல கட்டி இழுத்துட்டுப் போனதும் எல்லாரும் உயிரோட வந்துடறாங்க. எந்த விதியும் இல்லாதவன் தோத்தப்போ எனக்கு எந்தப் பரபரப்பும் வரல. அதோட, அந்த 1975 கதையிலருந்தே டார்டிஸ்ல ஒட்டிக்கிட்டு இருந்தான்னு சொல்றீங்க. 2007ல டாக்டரோட பழைய கூட்டாளி ஜாக் வெளியில தொத்தினதுக்கே டார்டிஸ் அவனை உதறப் பிரபஞ்சத்தோட கடைசி வரைக்கும் ஓடுச்சே, இவனை மட்டும் எப்படி இத்தனை காலம் சுமந்துச்சு? 2010ல டார்டிஸே வெடிச்சப்போ இவன் எங்க இருந்தான்?

இன்னொண்ணு. சுடெக்குக்கு மூலமான, எகிப்துப் புராணத்தோட நிஜமான சேத் வெறும் வில்லன் இல்ல. தம்பியாப் பிறந்து அண்ணன் ஓசிரிஸைக் கொன்னவன், ஹோரஸோட 80 வருஷம் வழக்காடினவன், அதெல்லாம் சரி. ஆனா ஒவ்வொரு ராத்திரியும் சூரியக் கடவுள் ராவோட படகு முன்னாடி நின்னு அபெப்ங்கிற பெரிய பாம்பை ஈட்டியால குத்துறவனும் அவன்தான், அவன் பேரை சேத்தின்னு பாரோ ராஜாவே வச்சிருந்தார். அழிக்கிறவன் ஒரு காலத்துல எதையோ காவல் காத்தவன்னா எவ்ளோ பெரிய கதை அது! ஓசிரன்கள் எதுக்கு அவனை அவ்ளோ காலம் பொறுத்துக்கிட்டாங்கன்னு கேட்டா அங்கயே பதில் கிடைக்கும்.

அவனை மறுபடி கொண்டு வந்தீங்கன்னா, அந்தப் படகுல இருந்து ஆரம்பிங்க. எதிர்ல அந்தப் பாம்பு யாருன்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

அன்போட,
1975 கதையை இன்னும் பார்த்துட்டே இருக்கிற ஒரு ரசிகர்