கூஃபுவின் பிரமிடும் ஐந்தரைக் கையகலமும்

அன்பு மகள் யாழினிக்கு,

இங்கு அனைவரும் நலம். எகிப்திய மன்னன் கூஃபு கட்டிய கீசாவின் பெரிய பிரமிடைக் குறுக்காக வெட்டி, அதன் மேல் வட்டமும் தங்க விகிதமும் வரைந்து நீ அனுப்பியிருந்த படம் கிடைத்தது. கோடுகள் வெகு சுத்தம். ஆனால், எகிப்தியர் பை என்னும் எண்ணையும் தங்க விகிதத்தையும் அறிந்தே அதைக் கட்டினார்கள் என்று நீ எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உன் கணக்கில் பிழை இல்லை. அடிப்பக்கம் 440 முழம், உயரம் 280 முழம் என்று கொண்டால், நான்கு பக்கங்களின் கூடுதலான 1,760-ஐ உயரத்தின் இருமடங்கால் வகுக்க 22/7 வருகிறது. முகப்பின் சாய்வு நீளத்தை அடிப்பக்கத்தின் பாதியால் வகுக்க 1.6186 வருகிறது, தங்க விகிதமோ 1.6180. பை பற்றிய வாதத்தை 1859-இல் தம் நூலில் பரப்பிய ஜான் டெய்லர், முகப்பின் பரப்பு உயரத்தின் வர்க்கத்துக்குச் சமம் என்று பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் கூறியதாகவும் எழுதினார்; அப்படியானால்தான் தங்க விகிதம் வரும். ஹெரோடோட்டஸ் சொன்னதோ பக்கமும் உயரமும் எட்டெட்டுப் பிளெத்ரா (கிரேக்க நீள அளவு) என்பதுதான்; அந்த உயரமும் தவறு.

கட்டியவர்கள் சாய்வை எப்படி அளந்தார்கள் என்பதைப் பார்த்தால் இந்த முடிச்சு அவிழ்ந்துவிடும். அவர்களுடைய அரச முழம் ஏறத்தாழ 52.4 சென்டிமீட்டர், அதில் ஏழு கையகலம், ஒவ்வொரு கையகலத்திலும் நான்கு விரற்கடை. சுவர் ஒரு முழம் உயரும்போது எத்தனை கையகலம் உள்வாங்குகிறது என்பதே அவர்களுக்குச் சாய்வு. அதற்கு செகெட் என்று பெயர். இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள ரைண்ட் பாப்பிரஸ் என்னும் பண்டைய எகிப்தியக் கணக்கு ஏட்டில் 56-ஆம் கணக்கு முதல் சில கணக்குகள் இதைத்தான் கேட்கின்றன. கூஃபுவின் பிரமிடுக்கு இது ஐந்தரைக் கையகலம். சாய்வை ஐந்தரை என்று முடிவு செய்துவிட்டால், பிரமிடு பெரிதானாலும் சிறிதானாலும் 22/7 தானாக வந்துவிடும், தங்க விகிதத்தை ஒட்டிய எண்ணும் கூடவே வரும். வட்டத்தை யாரும் நினைத்திருக்க வேண்டியதில்லை. அதே ஏட்டில் வட்டத்தின் பரப்பைக் காண, விட்டத்தில் ஒன்பதில் ஒரு பங்கைக் கழித்து மீதியை வர்க்கப்படுத்துகிறார்கள். அதன்படி பை 3.16 ஆகிறது. வட்டத்தை எண்ணிக் கட்டியிருந்தால் அந்த எண்ணல்லவா கல்லில் தென்பட வேண்டும்?

அந்த ஏடு கூஃபுவுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு பிற்பட்டது என்று நீ மறுக்கக்கூடும், நியாயமான மறுப்புதான். அதற்குப் பதில் எகிப்தின் மெய்தூம் என்னும் இடத்தில் இருக்கிறது. அங்குள்ள 17-ஆம் எண் மஸ்தபாவின் (தட்டையான மேற்புறமுள்ள கல்லறைக் கட்டடம்) மூலைகளில், தரைமட்டத்துக்குக் கீழே, செங்கோண வடிவில் மண் செங்கல் சுவர்களை எழுப்பி, அவற்றில் முழத்துக்கொரு கிடைக்கோடும் சுவர் சாய வேண்டிய கோடும் தீட்டி வைத்திருப்பதை தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி கண்டார். கூஃபுவின் காலத்தை ஒட்டியது அது. சரிந்த தரையின் மேல் நேரான சாய்வைக் கொண்டுசெல்ல நூலும் கோடும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன.

ஒரு முழ விட்டமுள்ள உருளையை உருட்டி, சுற்றுகளை எண்ணி அடிப்பக்கத்தை அளந்ததால் பை தெரியாமலே உள்ளே புகுந்தது என்று கானலி என்பவர் சொன்ன யோசனையை இயற்பியலாளர் கர்ட் மென்டல்சன் எடுத்துரைத்தார். அழகான யோசனை. ஆனால் பக்கத்திலேயே நிற்கும் காஃப்ரேயின் பிரமிடில் அது இடறுகிறது: அங்குச் செகெட் ஐந்தேகால் கையகலம், எனவே அதே வகுத்தல் மிகச் சரியாக 3 என்று முடிகிறது. கூஃபுவின் தந்தை ஸ்னெஃப்ரு தாஷூரில் கட்டிய சிவப்புப் பிரமிடிலோ விடை 4-ஐயே தாண்டிவிடுகிறது. மகன் கூஃபு அறிந்த பையைத் தந்தை ஸ்னெஃப்ருவும் பின்வந்த காஃப்ரேயும் அறியவில்லை என்று சொல்வாயா?

என்னை மலைக்க வைப்பது வேறொன்று. 230 மீட்டரைத் தாண்டும் நான்கு பக்கங்களும் தமக்குள் அதிகபட்சம் 20 சென்டிமீட்டர் அளவே மாறுபடுகின்றன என்று 1925-இல் வெளியான, கோல் என்னும் நில அளவையாளரின் அளவீடு காட்டுகிறது. திசையிலும் பிழை ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. துருவத்தின் இருபுறமும் உள்ள இரண்டு விண்மீன்கள் ஒரே செங்குத்தில் வரும் நேரம் பார்த்து வடக்கைக் குறித்தார்கள் என்று கேட் ஸ்பென்ஸ் 2000-ஆம் ஆண்டில் முன்வைத்த விளக்கத்தில் ஐயங்கள் உண்டு என்றாலும், கேட்கத் தகுந்த கேள்வி அந்த வகையைச் சேர்ந்தது. பெட்ரியும் 1880-இல் பை போன்ற எண்கள் பிரமிடில் வேண்டுமென்றே பொதிக்கப்பட்டவை என்ற, வானியலாளர் பியாசி ஸ்மித்தின் பிரமிடுக் கோட்பாட்டில் ஈர்க்கப்பட்டே கீசாவுக்குப் போனார். ஒரு கல்லறையில் தங்கி அளந்தார், அளந்த பிறகு அந்தக் கோட்பாட்டை விட்டுவிட்டார்.

உன் படத்தை அப்படியே காஃப்ரேயின் பிரமிடு மேலும் வைத்துப் பார். என்ன வருகிறது என்பதை எண்களோடு எழுது.

அன்புடன்,
அப்பா