வைரஸ் பாடம் படிப்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 'மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர் உடலில் வைரஸ் மருந்தை எதிர்க்கக் கற்றுக்கொள்கிறது' என்ற வரி உறுத்தியது. நுண்ணுயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். விடைத்தாள்களில் இதே வரியை எத்தனை முறை அடித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை.

வைரஸ் எதையும் கற்பதில்லை. இதன் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 9,600 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ. இழை. அதை நகலெடுக்கும் நொதிக்குத் தன் பிழையைத் திருத்தத் தெரியாது. சிகிச்சை பெறாத ஒருவர் உடலில் நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் கோடி வைரஸ்கள் புதிதாக உருவாகின்றன. 9,600 இடங்களில் ஒவ்வோர் எழுத்தும் மூன்று விதமாகத்தான் மாற முடியும். ஆக 28,800 ஒற்றைப் பிழைகள். இத்தனை நகல்களில் அவை எல்லாமே தினமும் பலமுறை நேர்ந்துவிடும். முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே அதை எதிர்க்கும் வைரஸ் சில உள்ளே இருக்கின்றன. மருந்து மற்றவற்றை அழிக்கும்போது அவற்றுக்கு இடம் காலியாகிறது, அவ்வளவுதான். மாத்திரையைத் தவறவிடுவது இதற்குத் துணைபோகும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு வேளைகூடத் தவறாதவருக்கும் சிகிச்சை தோற்கலாம். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அநியாயம்.

கட்டுரை இதை ஒரே வைரஸ் போலப் பேசுவதும் சரியல்ல. எட்டு மரபுவகைகள், 90-க்கும் மேற்பட்ட உள்வகைகள் இதில் உண்டு. 2013-ல் சிமிபிரிவிர் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றபோதே, 1ஏ உள்வகை நோயாளிகளிடம் அம்மருந்தின் பலனைக் குறைக்கும் 'க்யூ80கே' என்ற வைரஸ் மாற்றம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். அந்த மருந்தையே கண்டிராதவர்களிடம் இருந்த மாற்றம் அது. 4ஆர், 3பி போன்ற உள்வகைகளில், வைரஸின் என்.எஸ்.5ஏ என்ற புரதத்தைக் குறிவைக்கும் மருந்துகளுக்கு எதிரான மாற்றங்கள் இயல்பாகவே அமைந்திருக்கின்றன. ஆரம்பகால மருந்துச் சோதனைகளோ பெரும்பாலும் 1-ஆம் மரபுவகை நோயாளிகளை வைத்தே நடந்தன. மற்ற வகைக்காரர்கள் அதில் போதிய அளவு இடம்பெறவில்லை என்பதே என் வருத்தம்.

பயமுறுத்த எழுதவில்லை. இப்போதைய கூட்டு மருந்துகள் பெரும்பாலும் 12 வாரத்தில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்களைக் குணமாக்குகின்றன. எச்.ஐ.வி. போல மனித மரபணுவுக்குள் இது ஒளிந்துகொள்வதில்லை. இக்கூட்டுகள் பலவற்றில் உள்ள சோஃபோஸ்புவிர் என்ற மருந்தை எதிர்க்கும் 'எஸ்282டி' மாற்றம் வைரஸையே நோஞ்சானாக்கிவிடுவதால் அரிதாகவே தலைதூக்குகிறது. என்.எஸ்.5ஏ மாற்றங்கள் அப்படியல்ல. மருந்தை நிறுத்திய பிறகும் ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். ஆகவே, 'தோற்றால் அதே மாத்திரையை இன்னொரு சுற்று' என்ற கட்டுரையின் யோசனையைத் தயவுசெய்து திருத்துங்கள். வசதி உள்ள இடத்தில் வைரஸின் மரபணு வரிசையைப் படித்துப் பார்த்து, மூன்று மருந்துக் கூட்டு போன்ற வேறு சிகிச்சைக்கு மாற்றுவதே முறை.

அப்படி வரிசையைப் படிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. குணமானவருக்கு இந்தத் தொற்று மறுபடியும் வரலாம். திரும்பி வந்தது வேறு மரபுவகை என்று தெரிந்தால், அது புதுத் தொற்று, மருந்து தோற்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆசிரியர் ஒருவர்