அரைத்து ஊற்றினாலும் முந்திரிதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முந்திரி ஒவ்வாமை உள்ள என் ஏழு வயது மகளை அழைத்துக்கொண்டு சென்ற மாதம் உறவினர் வீட்டுத் திருமணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் உட்காரும் முன்பே சமையல்காரரிடம் கேட்டேன். "எதிலும் முந்திரி போடலைம்மா" என்றார். இடியாப்பத்துக்கு ஊற்றிய வெள்ளைக் குருமாவை இரண்டு வாய் சாப்பிட்டதுமே குழந்தையின் உதடு வீங்கி, கழுத்தெல்லாம் தடித்து, வாந்தியோடு மூச்சும் இழுக்கத் தொடங்கியது. மருத்துவமனையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட பிறகே தெளிந்தாள். பிறகு விசாரித்தபோது அந்தச் சமையல்காரர் கண்கலங்கியபடி சொன்னார்: "முழுசாப் போடலைம்மா, அரைச்சுத்தான் ஊத்தினேன்."

அவர்மீது எனக்குக் கோபமில்லை. இதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்ததில்லை. ஒவ்வாமையைக் கிளப்புவது முந்திரிப் பருப்பில் சேமிப்பாக உள்ள புரதங்கள். அரைத்தாலும் வறுத்தாலும் கொதிக்கவைத்தாலும் அவை எளிதில் சிதைவதில்லை. வயிற்று அமிலத்தையும் தாங்கி நிற்பவை. ஆகவே, "கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கு" என்று பெரியவர்கள் அன்போடு சொல்லும் யோசனையை, மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் முயல்வது ஆபத்தானது. பிஸ்தாவின் புரதங்கள் முந்திரியின் புரதங்களைப் பெரிதும் ஒத்திருப்பதால், எங்கள் மருத்துவர் அதையும் விலக்கச் சொல்லியிருக்கிறார். செட்டிரிசின் மாத்திரை அரிப்பைத் தணிக்குமே தவிர, மூச்சுத் திணறும்போது அட்ரினலினுக்கு ஈடாகாது. அன்று மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம் என்று பலரும் சொன்னதைக் கேட்டு நான் வீணாக்கிய பத்து நிமிடங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

பொட்டலத்தில் அடைத்த உணவில் நிலக்கடலை, முந்திரி போன்ற கொட்டைகள், சோயா, குளூட்டன் உள்ள தானியங்கள் ஆகியவை இருந்தால் அதைக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளையும் குறிப்பிடுவது கட்டாயம். எள்ளுருண்டையும் எள் மிட்டாயும் விரும்பி உண்ணும் நம் நாட்டின் அந்தப் பட்டியலில் எள் இடம்பெறவில்லை. அதைவிடப் பெரிய குறை, பந்தியில் ஊற்றும் குருமாவுக்குப் பொட்டலமும் இல்லை, முகப்புச்சீட்டும் இல்லை என்பதுதான்.

சமையல் ஒப்பந்தக்காரர்களுக்கு உரிமம் வழங்கும்போதும் புதுப்பிக்கும்போதும், முந்திரி, நிலக்கடலை, எள் ஆகியவற்றை அரைத்தோ பொடித்தோ சேர்த்த பதார்த்தங்களின் பெயர்களைப் பந்தி வாசலில் எழுதி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதிகாரிகள் சேர்க்க வேண்டுகிறேன். அதற்கு ஒரு அட்டையும் ஒரு பேனாவும் போதும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
கும்பகோணம்.