உளவுப் படங்களுக்குப் பெரிய திரை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய படங்கள் மீண்டும் திரையரங்குகளுக்கு வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நடிகர்களின் பிறந்தநாளை ஒட்டி நடக்கும் மறுவெளியீடுகளையும் அவற்றுக்குத் திரளும் கூட்டத்தையும் கட்டுரையாளர் நன்றாகவே விவரித்திருந்தார். ஆனால், பழைய படங்களை ஆண்டு முழுவதும் முறையாகத் திரையிடுவதற்கென்று புதுச்சேரியில் ஓர் ஏற்பாடு ஏன் இல்லை என்ற கேள்வியை அவர் எழுப்பவில்லை. அதை எழுப்பவும், அப்படி ஓர் ஏற்பாடு தொடங்குமானால் அது உளவுப் படங்களிலிருந்து தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவுமே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

உளவுப் படம் என்றவுடன் துப்பாக்கியும் காரும் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் உளவாளியின் தொழிலே கவனிப்பதுதான். அந்த வகைப் படத்தை நன்றாக எடுக்கத் தெரிந்த இயக்குநர் அந்தத் தொழிலைப் பார்வையாளரின் தலையிலேயே கட்டிவிடுகிறார். கூட்டத்தில் யார் யாரை நோட்டம் விடுகிறார், மேசைமேல் இருந்த பொருள் எப்போது இடம் மாறியது, கதவு இடுக்கில் தெரியும் நிழல் யாருடையது என்பதையெல்லாம் நாமே கண்டுபிடித்தாக வேண்டும். அதற்குத் திரை பெரிதாக இருக்க வேண்டும், சுற்றிலும் இருட்டு வேண்டும், நடுவில் நிறுத்திவிட்டு எழுந்து போக முடியாத ஒரு கட்டாயமும் வேண்டும். கைப்பேசியில் பார்க்கும்போது முகங்களாவது தெரிகின்றன. அந்த முகங்கள் நிற்கும் இடம் கண்ணுக்கே எட்டுவதில்லை.

இயக்குநர் ஹிட்ச்காக் 1946-இல் எடுத்த 'நொட்டோரியஸ்' படத்தில் ஒரு விருந்துக் காட்சி வருகிறது. கேமரா மாடி உயரத்திலிருந்து கூடம் முழுவதையும், அதில் உலவும் விருந்தினர்களையும் காட்டத் தொடங்கி, இடையில் வெட்டே இல்லாமல் மெல்லக் கீழே இறங்கி, கூட்டத்தின் நடுவே நிற்கும் கதாநாயகி இங்க்ரிட் பெர்க்மன் தம் கைக்குள் மறைத்து வைத்திருக்கும் ஒரு சிறு சாவியில் வந்து முடிகிறது. மதுப்புட்டிகள் அடுக்கிய நிலவறையின் சாவி அது; படத்தின் மர்மம் முழுவதும் அந்தப் புட்டிகளில் இருக்கிறது. நண்பர் ஒருவரின் முயற்சியால் இவ்வூரில் ஒரு சிறிய அரங்கில் இப்படத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. அதற்கு முன் தொலைக்காட்சியிலும் கணினியிலும் பார்த்திருந்த எனக்கு, அந்தக் கேமரா எவ்வளவு தூரம் இறங்கி வருகிறது என்பது அன்றுதான் உடம்பில் உறைத்தது. முதலில் மனிதர்கள் சிறு பொம்மைகளாகத் தெரிந்த அதே திரையில், கடைசியில் ஒரு சாவி நம்மைவிடப் பெரியதாக நிற்கிறது. என் பின்வரிசையில் இருந்த கல்லூரி மாணவி ஒருத்தி, சாவி கண்ணில் பட்டவுடன் "ஐயோ" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். அந்தக் குரல் கேட்டு அரங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை; எல்லோருக்கும் அதே பதற்றம் இருந்தது.

அதே இயக்குநரின் 'நார்த் பை நார்த்வெஸ்ட்' 1959-இல் வந்தது. கேரி கிரான்ட் ஆளரவமற்ற ஒரு நெடுஞ்சாலையில் பேருந்திலிருந்து இறங்கி யாருக்காகவோ காத்திருக்கும் காட்சியில் நெடுநேரம் இசையே கிடையாது. எங்கோ தொலைவில், வயலுக்கு மருந்து தெளிக்கும் சிறு விமானம் ஒன்று புள்ளியாகத் தெரிகிறது. பயிரே இல்லாத இடத்தில் அது மருந்து தெளிக்கிறதே என்று வழிப்போக்கர் ஒருவர் சொல்லிவிட்டுத் தன் பேருந்தில் ஏறிப் போய்விடுகிறார். பெரிய திரையில் அந்தப் புள்ளியை அவர் சொல்வதற்கு முன்பே நாம் கவனித்திருப்போம்; அதனால்தான் அவர் சொன்னவுடன் வயிற்றில் ஏதோ புரள்கிறது. சிறிய திரையில் அந்தப் புள்ளியே இருக்காது. இப்படம் விஸ்டாவிஷன் என்ற முறையில் எடுக்கப்பட்டது. அதில் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்குள் படுக்கை வாட்டத்தில் ஓடும். ஒவ்வொரு பிரேமுக்கும் ஃபிலிமின் ஓரத்தில் உள்ள எட்டுத் துளைகள் அளவுக்கு இடம் கிடைக்கும். அதனால் படச்சுருளில் பதியும் பரப்பு வழக்கமானதைவிட இரு மடங்குக்கும் மேல். பெரிய திரையில் துல்லியம் குறையக் கூடாது என்பதற்காகவே அவ்வளவு ஃபிலிமைச் செலவழித்தார்கள். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பது அந்த உழைப்புக்குச் செய்யும் நியாயமாக எனக்குத் தோன்றவில்லை.

ஜேம்ஸ்பாண்ட் படங்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1962-இல் வந்த 'டாக்டர் நோ' தொடங்கி அத்தொடரின் பல படங்களுக்குக் கலை இயக்குநராக இருந்த கென் ஆடமின் அரங்க அமைப்புகளே அவற்றை மீண்டும் மீண்டும் பார்க்க வைப்பவை என்பது என் கருத்து. அமெரிக்க அரசின் தங்கக் கிடங்கான ஃபோர்ட் நாக்ஸின் உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைக்காததால், 'கோல்ட்ஃபிங்கர்' படத்துக்காக அவர் அதைத் தம் கற்பனையிலேயே எழுப்பினார். 1967-இல் வந்த 'யூ ஒன்லி லிவ் ட்வைஸ்' படத்தில் எரிமலைக்குள் இருக்கும் ராக்கெட் தளத்தை லண்டனுக்கு அருகிலுள்ள பைன்வுட் ஸ்டூடியோ வளாகத்தில் உண்மையாகவே கட்டினார்கள். அதன் தரையில் ஓடும் ஆட்கள் எறும்புகளாகத் தெரிய வேண்டும் என்பதே நோக்கம். வெளியான காலத்தில் நம் ஊர்க் கொட்டகைகளில் ஆங்கிலப் படங்கள் பெரும்பாலும் காலைக் காட்சியாக ஓடின. வசனம் புரியாதவர்களும் வரிசையில் நின்று சீட்டு வாங்கியதற்கு அந்தப் பிரம்மாண்டமும் ஒரு காரணம்.

அந்த ஆரவாரத்துக்கு நேர் எதிர்த் திசையில் சென்ற இரண்டு படங்கள் 1965-இல் வந்தன. ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த 'தி ஸ்பை ஹூ கேம் இன் ஃப்ரம் த கோல்ட்' கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. பெர்லின் சுவரையும் அதன் சோதனைச் சாவடியையும் டப்ளின் நகரில் அரங்கம் போட்டுப் படமாக்கினார்கள். மைக்கேல் கெய்ன் கண்ணாடி அணிந்த உளவாளியாக வரும் 'தி இப்க்ரெஸ் ஃபைல்' படத்தின் காட்சிகளை இயக்குநர் சிட்னி ஜே. ஃப்யூரி எதையாவது ஒன்றின் பின்னாலிருந்தே காட்டுகிறார்: விளக்கின் மூடிக்குக் கீழே, யாரோ ஒருவரின் தோளுக்கு மேலே, தொலைபேசிக் கூண்டின் கண்ணாடிக்கு ஊடாக. அகன்ற திரையில் முக்கால் பங்கு மறைக்கப்பட்டிருக்கும்போது, மீதிக் கால் பங்கில் நடக்கும் சண்டையை நாம் எட்டிப் பார்க்கிறோம். ஒளிந்திருந்து பார்ப்பவன் நாமே என்ற கூச்சம் அப்போது உண்டாகிறது. வீட்டில் இருபது அங்குலப் பெட்டியில் பார்த்தால், படம் எடுத்தவருக்குக் கேமரா வைக்கத் தெரியவில்லை என்றுதான் தோன்றும்.

இவற்றையெல்லாம் சொல்வதால் நான் அயல்நாட்டுப் படங்களுக்காக மட்டும் வாதாடுவதாக வாசகர்கள் எண்ண வேண்டாம். நம் மொழியில் இவ்வகையில் முதலில் வைத்து எண்ணத்தக்க படம் 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு வீசிய நிகழ்ச்சியைப் பின்புலமாகக் கொண்டு, மறுநாள் காலை தன் வீட்டில் சுடப்பட்டு இறந்து கிடக்கும் ஒரு வானொலிப் பொறியாளனைப் பற்றிய விசாரணையாக அப்படம் விரிகிறது. இறந்தவனாகச் சிவாஜி கணேசன். அவன் மனைவியாகப் பண்டரிபாய். துப்பறியும் அதிகாரியாக, திரைக்கதையையும் எழுதிய ஜாவர் சீதாராமன். பாட்டு ஒன்றுகூட இல்லை. ஒவ்வொருவரும் சொல்லும் கதையில் கொலையாளி மாறிக்கொண்டே போகிறார். பார்க்காத இளைஞர்களுக்காக முடிவை இங்கே எழுதாமல் விடுகிறேன். மாருதி ராவின் ஒளிப்பதிவில் அறைகளின் பாதி இருட்டில் கிடக்கிறது. இணையத்தில் கிடைக்கும் மங்கலான பிரதிகளில் அந்த இருட்டு வெறும் சாம்பல் கறையாகிவிட்டது. நாடு, குடும்பம் என்ற இரண்டில் எதற்கு உண்மையாக இருப்பது என்ற கேள்வியை அவ்வளவு நெருக்கமாகக் கேட்ட படம் தமிழில் வேறு உண்டா என்பது ஐயமே.

இப்படம் பிறந்த விதமே என் வாதத்துக்கு உரிய சான்று. அகிரா குரோசவாவின் 'ரஷோமான்' படத்தை ஒரு திரைப்பட விழாவில் பார்த்த பிறகே ஒரே நிகழ்ச்சியைப் பலர் வாயிலாகச் சொல்லும் எண்ணம் பாலசந்தருக்கு வந்தது. வெளிநாட்டுப் படம் ஒன்றை யாரோ ஒருவர் பொது அரங்கில் திரையிட்டதன் பலன் நம் மொழிக்கு ஒரு 'அந்த நாள்' ஆயிற்று. இன்று கேமராவும் கணினியும் கையில் வைத்திருக்கும் நம் பிள்ளைகளுக்கு அப்படி ஓர் அரங்கு கடலூரிலும் இல்லை, புதுச்சேரியிலும் அரிது.

தமிழ்ப் பட்டியல் அத்துடன் முடிவதில்லை. பி.ஆர். பந்துலு இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்த 'ரகசிய போலீஸ் 115' 1968-இல் வந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'வல்லவன் ஒருவன்', 'சி.ஐ.டி. சங்கர்' போன்ற படங்கள் ஜெய்சங்கருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்ற பட்டத்தை வாங்கித் தந்தன. 1986-இல் சுஜாதாவின் கதையில் கமல்ஹாசன் நடித்த 'விக்ரம்' ஏவுகணைத் திருட்டைக் கதையாக்கியது. பாண்ட் படம் ஒன்றும் அதே காலத்துத் தமிழ்ப் படம் ஒன்றும் அடுத்தடுத்த வாரங்களில் ஓடுமானால், நம்மவர்கள் எதைக் கடன் வாங்கினார்கள், எதைத் தாங்களாகவே சேர்த்தார்கள் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் கண்ணால் கண்டுகொள்ளலாம்.

உளவு என்பது இந்த ஊருக்கும் புதிதன்று. 1908-இல் பாரதியும், 1910-இல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரிக்கு வந்து சேர்ந்த பிறகு, பிரிட்டிஷ் இந்திய அரசின் ஒற்றர்கள் இத்தெருக்களில் இரவும் பகலும் திரிந்தார்கள். ஐயர் வீட்டுக் கிணற்றில் பொய் ஆவணங்களைப் போட்டு வைத்துச் சிக்க வைக்க முயன்றதும், அது தெரிந்தவுடன் இவர்களே முந்திக்கொண்டு பிரெஞ்சுப் போலீசுக்குத் தகவல் கொடுத்ததும் வரலாறு. பின்னர் 1940-இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது, புதுச்சேரி நிர்வாகம், ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி தெகோலின் சுதந்திர பிரான்ஸ் அணியில் சேர்ந்தது. அக்காலத்தில் பிரான்ஸில் இயங்கிய தலைமறைவு எதிர்ப்பியக்கத்தைப் பற்றி, அதில் தாமே பங்கேற்றவரான ழான்-பியர் மெல்வில் 1969-இல் எடுத்த 'லார்மே தெ சோம்ப்ர்' படத்தை இந்தியாவில் வேறு எந்த ஊரைவிடவும் இங்கே திரையிடுவதே பொருத்தம். பாரிஸில் மாணவர்கள் குடியிருக்கும் இலத்தீன் குடியிருப்பில் 1938 முதல் இயங்கும் ஷாம்போ போன்ற சிறு திரையரங்குகள் பழைய படங்களையே நம்பிப் பிழைக்கின்றன. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுச்சென்ற கட்டடங்களைப் பேணுவதில் பெருமை கொள்ளும் நாம், அவர்களுடைய இந்தப் பழக்கத்தையும் எடுத்துக்கொண்டிருக்கலாம்.

பார்க்க ஆள் வருவார்களா என்ற ஐயம் திரையரங்கு உரிமையாளர்களுக்கு இருப்பது இயல்பே. 1964-ஆம் ஆண்டுப் படமான 'கர்ணன்' எண்மமுறையில் புதுப்பிக்கப்பட்டு 2012-இல் வெளியானபோது சென்னையில் நூறு நாட்களைக் கடந்து ஓடியது. 2022-இல் பாண்ட் தொடருக்கு 60 ஆண்டு நிறைந்ததை ஒட்டி பிரிட்டனில் அதன் 25 படங்களும் திரையரங்குகளுக்கு மீண்டும் வந்தன. சட்டமும் முன்பைவிட எளிதாகியிருக்கிறது. 2023-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி தணிக்கைச் சான்றிதழுக்குக் காலவரம்பு இல்லை. நம் நாட்டில் திரைப்படத்துக்கான பதிப்புரிமை வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டுகள் என்பதால், கதை, இசை உரிமைகளைத் தனியே சரிபார்த்துக்கொண்டு, 1950-களின் தமிழ்ப் படங்களைத் திரையிட வழி காணலாம். பூனாவில் 1964 முதல் இயங்கும் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தை அரசு மூலம் அணுகலாம்.

ஆனால், திரையிடுவதாக இருந்தால் ஒழுங்காகத் திரையிட வேண்டும். இப்பகுதித் திரையரங்கு ஒன்றில் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைப் பார்க்கப் போய் மனம் நொந்து திரும்பியிருக்கிறேன். ஏறத்தாழச் சதுரமாக எடுக்கப்பட்ட அப்படத்தை ஸ்கோப் எனப்படும் அகன்ற திரை நிரம்புவதற்காகப் பக்கவாட்டில் இழுத்துவிட்டிருந்தார்கள். எல்லா முகங்களும் வீங்கிக் கிடந்தன. சுழலும் காற்றாடி முட்டை வடிவில் சுற்றியது. ஆபரேட்டரிடம் போய்ச் சொன்னபோது, இரு பக்கமும் கறுப்பாக விட்டால் காசு கொடுத்தவர்கள் கேட்பார்கள் என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. சரியான அளவில் பார்த்துப் பழகிய பார்வையாளர்களை நாம் உருவாக்கவில்லை.

ஆகவே, புதுச்சேரி அரசின் செய்தி, விளம்பரத் துறைக்கும் இங்குள்ள திரையரங்கு உரிமையாளர்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஆண்டுதோறும் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் சிறந்த படத்துக்கு விருது கொடுத்து விழா நடத்தும் அரசுக்கு இது பெரிய சுமையாக இராது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியை, ஏதேனும் ஓர் அரங்கில், பழைய படங்களுக்கென்று நிரந்தரமாக ஒதுக்க வேண்டும். முதல் ஆண்டு முழுவதும் உளவுப் படங்களாக, தமிழும் பிறமொழியும் மாறி மாறி வரட்டும். முதல் படம் 'அந்த நாள்' ஆக இருக்கட்டும். காட்சி பத்து மணிக்குத் தொடங்கினால் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வருவோர் பேருந்தில் வந்து மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். மாணவர்களுக்குக் கட்டணத்தில் பாதி போதும். பிறமொழிப் படங்களுக்குத் தமிழில் சப்டைட்டில் கட்டாயம் வேண்டும். அவ்வேலைக்கு இவ்வூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. பிரெஞ்சுப் படங்களின் வசனங்களைத் தமிழாக்கித் தரும் பொறுப்பை, ஓய்வுபெற்ற பிரெஞ்சு ஆசிரியன் என்ற முறையில், ஊதியம் எதுவும் பெறாமல் நானே ஏற்றுக்கொள்ளத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.